அந்தக் கோடாலி நிஜமாகவே போர்க்கப்பலில் இருந்ததா?

ஆன்லைன் ஏலத்தில் ஒரு கோடாலி பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். ஒரு பக்கம் வெட்டுவாய், பின்பக்கம் கூர்மையான முள், இரண்டடிக்குக் கொஞ்சம் அதிகமான மரக்காம்பு, காம்பில் அங்கங்கே சிவப்பு வர்ணத்தின் மிச்சம். முத்திரை எதுவும் தெரியவில்லை, காம்பு நேராக வழவழவென்று இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். விற்பவர் அதை ‘பிரிட்டிஷ் கடற்படை போர்டிங் கோடாலி, 1800 வாக்கில், டிரஃபால்கர் காலம்’ என்று போட்டிருக்கிறார் (டிரஃபால்கர் என்பது 1805இல் பிரிட்டிஷ் கடற்படை வென்ற பெரிய கடற்சண்டை). இது அசலா, இந்த வகைக் கோடாலிகளின் வரலாறு என்ன, சேகரிக்க ஆரம்பிக்கலாமா என்பது உங்கள் கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலும் அது தீயணைப்புக் கோடாலி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு இந்தக் கோடாலி கப்பலில் என்ன வேலை செய்தது என்று தெரிய வேண்டும், அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

போர்டிங் என்றால் எதிரிக் கப்பலோடு உரசி நின்று, ஆட்கள் தாவி ஏறி, கைச்சண்டை போட்டு அதைப் பிடிப்பது. அந்தச் சண்டையில் கோடாலியை வீசிக்கொண்டு பாய்கிற மாலுமி என்றுதான் எல்லோர் மனதிலும் படம் இருக்கிறது, விற்பவர்களும் அந்தப் படத்தைத்தான் விற்கிறார்கள். ஆனால் ஏறிப் பிடிக்கப் போகிறவனின் முதல் ஆயுதம் கட்லஸ் எனப்படும் குட்டை வாளும் கைத்துப்பாக்கியும்தான், காக்கிறவனுக்கு நீண்ட ஈட்டி. கோடாலி ஆளை வெட்டவும் பயன்பட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் கப்பல் அதைச் சுமந்ததற்கு முக்கியக் காரணம் கயிறும் நெருப்பும்.

முதலில் கயிறு. பாய்மரப் போர்க்கப்பல் என்பது மைல் கணக்கில் தார் பூசிய சணல் கயிறுகளால் கட்டி நிற்கிற ஒரு விஷயம். பீரங்கிக் குண்டு பட்டு பாய்மரம் முறிந்தால் அது சத்தமில்லாமல் கடலில் போய் விழுந்துவிடாது, கயிறுகள் பிடித்திருப்பதால் கப்பலின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு, பாயும் பருமலும் (பாயைத் தாங்கும் குறுக்குமரம்) தண்ணீரில் இழுபட, கப்பலையே ஒரு பக்கமாகத் திருப்பிவிடும். 1812 ஆகஸ்ட் 19 அன்று அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷனோடு மோதிய பிரிட்டிஷ் கப்பல் கெரியருக்கு நடந்தது இதுதான். பின்பாய்மரம் முறிந்து பக்கத்தில் விழுந்தது, அது ஒரு சுக்கான் மாதிரி தண்ணீரில் கிடந்து கப்பலைச் சுற்றி இழுத்தது, எதிராளி குறுக்கே வந்து நீளவாக்கில் சுட வசதியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மற்ற இரண்டு மரங்களும் போயின, கப்பல் சரணடைந்தது. இப்படி மரம் விழுந்த அந்தச் சில நிமிடங்களில் தார் ஏறி விறைத்த தடித்த ஆலாத்துக் கயிற்றை வெட்டிவிட வேண்டும். அதற்கு வாள் உதவாது, தச்சனின் பெரிய கோடாலியை எல்லா இடத்திலும் வைத்திருக்கவும் முடியாது. ஒரு கையால் எடுத்து வீசக்கூடிய இந்தக் கோடாலி அங்கேதான் தன் சோற்றுக்கு வேலை செய்தது.

நம் கரைக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 1782-83இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர் என்று இந்தக் கடலோரம் முழுக்க மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டைகளில் கப்பலில் ஏறிப் பிடித்த கதை ஏதும் பெரிதாக இல்லை, ஆனால் பாய்மரங்கள் விழுந்த கதை நிறைய. 1782 ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பால் பிராவிடியன் பாறை அருகே நடந்த சண்டையில் ஆங்கிலேயரின் மன்மத் கப்பல் நடுமரத்தையும் பின்மரத்தையும் இழந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே சுஃப்ரனின் சொந்தக் கப்பலான ஈரோவின் நடுமரமே விழுந்தது, கொடியும் அதோடு போனதால் அவர் சரணடைந்துவிட்டார் என்று எதிரி நினைத்துவிடக் கூடாதென்று கப்பலைச் சுற்றிக் கொடிகளைப் பிடிக்கச் சொன்னதாகக் கதை. அந்த நிமிடத்தில் ஈரோவின் மேல்தளத்தில் யார் கையில் கோடாலி இருந்ததோ அவன்தான் ரொம்ப வேண்டப்பட்ட ஆள்.

அடுத்தது நெருப்பு. மரக்கப்பலுக்குக் குண்டுத் துளையைவிடப் பெரிய பயம் தீ. கரையிலுள்ள கோட்டைகள் பீரங்கிக் குண்டை உலையில் பழுக்கக் காய்ச்சிச் சுடும். அது பலகைக்குள் புதைந்துகொண்டு உடனே எரியாமல் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். 1782 செப்டம்பர் 13 அன்று ஜிப்ரால்டரைத் தாக்க வந்த ஸ்பானிய, பிரெஞ்சு மிதக்கும் பீரங்கி மேடைகள் பத்தும் இப்படித் தீப்பிடித்தும், கடைசியில் சொந்த ஆட்களே கொளுத்தியும் அழிந்தன. அவ்வளவு கனமான மரச்சுவர், உள்ளே தண்ணீர் ஓட ஏற்பாடு, எல்லாம் இருந்தும் காய்ச்சிய குண்டுக்கு முன்னால் நிற்கவில்லை. புதைந்த குண்டைச் சுற்றியுள்ள மரத்தைக் கொத்தி, அதை நெம்பி வெளியே எடுத்துத் தண்ணீரிலோ கடலிலோ தள்ள வேண்டும். கொத்தவும் நெம்பவும் அந்தப் பின்முள். எரிகிற பாய்த்துண்டையும் பலகைச் சிம்பையும் கொக்கி போல இழுத்துக் கடலில் வீசவும் அதே முள்.

இனி எல்லோருக்கும் பிடித்த அந்த ஏணிக் கதை. கோடாலி முள்ளை எதிரிக் கப்பலின் பக்கப் பலகையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, அதையே படியாக வைத்து ஏறினார்கள் என்பது. இது சும்மா யாரோ கட்டிவிட்டதில்லை. வில்லியம் ஃபால்கனர் 1769இல் வெளியிட்ட கடல்சார் அகராதியிலேயே இருக்கிறது. அவர் சொல்லும் கோடாலிக்குக் காம்பு சுமார் 15 அங்குலம்தான், முள் கீழ்நோக்கி வளைந்திருக்கும், முதல் வேலையாக அவர் குறிப்பிடுவது ஏற வருகிற எதிரியின் கயிறுகளை வெட்டுவது. நம்மைவிட உயரமான கப்பலில் ஏற வேண்டியிருந்தால் சில நேரம் இப்படிப் படியாக அடித்தும் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அதற்குப் பிறகுதான் சொல்கிறார், வந்து விழும் நெருப்புப் பொருட்களை இழுத்துத் தள்ளவும் இது உதவும் என்கிறார். (அவரே ஒரு மாலுமி, அகராதி வந்த அதே ஆண்டு அரோரா என்ற கப்பலில் கணக்காளராக இந்தியாவுக்குக் கிளம்பினார், நன்னம்பிக்கை முனையைத் தாண்டிய பிறகு அந்தக் கப்பலை யாரும் பார்க்கவில்லை.) அந்த ‘சில நேரம்’ என்பதை இன்றைய விற்பனையாளர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

பெரிய போர்க்கப்பல்கள் இரண்டு பக்கவாட்டில் ஒட்டினாலும், அடிப்பகுதி புடைத்தும் மேல்பகுதி உள்வாங்கியும் இருப்பதால் மேல்தளங்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். அதனால் ஏறியவர்கள் பெரும்பாலும் அணியத்தின் (கப்பலின் முன்பகுதி) வழியாக, பருமல் வழியாக, நங்கூரத்தின் மேல் கால் வைத்து, கிடைத்த ஜன்னல் வழியாக என்று போனார்கள். 1797 பிப்ரவரி 14 அன்று செயின்ட் வின்சென்ட் முனைச் சண்டையில் பிரிட்டிஷ் தளபதி நெல்சன் ஸ்பானியரின் சான் நிக்கோலாஸ் கப்பலுக்குள் போனதே ஒரு சிப்பாய் பின்புற ஜன்னலை உடைத்துக் கொடுத்த வழியாகத்தான். ஏணிக்கதை பொருந்துமென்றால் சிறிய, தாழ்ந்த கப்பலிலிருந்து உயரமான வணிகக் கப்பலுக்குப் போகும்போதுதான் பொருந்தும் என்பது என் கணிப்பு. 1800 அக்டோபர் 7 அன்று வங்காள விரிகுடாவில் பிரெஞ்சுக்காரர் சர்கூஃப் தன் சிறிய கான்ஃபியான்ஸ் கப்பலை வைத்துக்கொண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் கென்ட் கப்பலை, சுமார் 400 பேர் இருந்ததை, ஏறிப் பிடித்தாரே, அந்த மாதிரி இடம். அவர் அரசிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக் கொள்ளையடித்த தனியார் ஆள் என்பதையும் மனதில் வையுங்கள், சேகரிப்பில் அது ஒரு பிரச்சினையாக வரும்.

ஏறிப் பிடிப்பது எவ்வளவு வேகமான, கொடூரமான வேலை என்பதற்கு 1813 ஜூன் 1 அன்று பாஸ்டனுக்கு வெளியே பிரிட்டிஷ் கப்பல் ஷானன், அமெரிக்கக் கப்பல் செசபீக் இரண்டும் மோதியதைச் சொல்வார்கள். எல்லாம் கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. இரண்டு கப்பல்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த ஷானனின் போசன் (பாய், கயிறுகளுக்குப் பொறுப்பானவர்) ஸ்டீவன்ஸ், கட்டி முடிக்கும் முன்பே கையை இழந்தார், பிறகு இறந்தார். ஷானனின் கேப்டன் புரோக் தலையில் வாள்வெட்டு வாங்கிப் பிழைத்தார். செசபீக்கை உடைத்த மரத்தில் 1820இல் இங்கிலாந்தின் விக்கம் என்ற ஊரில் ஒரு மாவுமில் கட்டினார்கள், அது இன்றும் நிற்கிறது. கப்பலில் இருந்த ஒரு கோடாலி இப்போது எங்கே என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் கோடாலியில் கப்பல் பெயர் எழுதுவது வழக்கமில்லை. ஆகவே ‘டிரஃபால்கரில் பயன்பட்டது’, ‘நெல்சனின் விக்டரி கப்பலுடையது’ என்ற வாசகத்துக்குக் கையில் காகித ஆதாரம் இல்லாவிட்டால் ஒரு ரூபாய் கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

இந்தக் கோடாலி மறைந்தது எப்படி என்பது சுலபம். மரம் போய் இரும்பு வந்தது, பாய் போய் நீராவி வந்தது. பிரிட்டனின் முதல் இரும்புக் கவசக் கப்பல் வாரியர் 1860இல் கடலில் இறங்கியபோது அதற்கும் பாய்மரங்கள் இருந்தன. 1871இல் பாயே இல்லாத டிவாஸ்டேஷன் வந்தபோது வெட்டக் கயிறும் இல்லை, உரசி நிற்க வேண்டிய தேவையும் இல்லை. கட்லஸ் வாளோ சம்பிரதாயத்துக்காக இன்னும் பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

சரி, வாங்குகிற கதைக்கு வருவோம். சந்தையில் மூன்று நாட்டுப் பொருட்கள் அதிகம் பேசப்படும். பிரிட்டிஷ் கோடாலியில் தேட வேண்டியது அகன்ற அம்புக்குறி, மூன்று கோடு சேர்ந்த கோழிக்கால் மாதிரி அடையாளம், அரசுச் சொத்து என்று பொருள். 1855 வரை ஆயுதங்களைக் கொடுத்தது ஆர்ட்னன்ஸ் போர்டு, அதன் முத்திரையில் அம்போடு பி.ஓ. (BO) எழுத்துகள் வரும். அந்த அமைப்பு கலைக்கப்பட்டு வேலை போர்த் துறைக்குப் போன பிறகு டபிள்யூ.டி. (WD) வந்தது. ஆக 1800 என்று விற்கிற பொருளில் டபிள்யூ.டி. இருந்தால் முத்திரையோ தேதியோ ஏதோ ஒன்று பொய். இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு இருந்தால் அரசு அதைக் கழித்து விற்றுவிட்டது என்று அர்த்தம், அது குறையில்லை, நல்ல சாட்சி. பிரெஞ்சுக்காரர்களிடம் 1833 மாதிரி என்று ஒன்று உண்டு, காம்பின் மேல் இரும்புப் பட்டைகள் இறங்கி, பக்கத்தில் இடுப்புக் கச்சையில் மாட்டும் கொக்கி வைத்து, நங்கூர முத்திரையோடு வரும். பார்க்க அழகானது, தேடுகிறவர்களும் அதிகம், அதனாலேயே நகல்களும் அதிகம். பழைய அமெரிக்கக் கோடாலிகளில் வெட்டுவாயின் கீழ் விளிம்பில் பல் பல்லாக வெட்டுகள் இருக்கும், எரிகிற சாமானையும் கயிற்றையும் வழுக்காமல் இழுக்க. அந்தப் பற்களோடு ஒன்றை யாராவது பிரிட்டிஷ் என்று விற்றால் கேள்வி கேளுங்கள். ஸ்வீடன், டென்மார்க் பக்கம் காம்பு நீண்டவை வரும், நம் ஆட்கள் கைக்கு அவை அரிதாகத்தான் எட்டும்.

இரும்புப் பட்டை என்றேனே, தலையிலிருந்து காம்பின் இருபுறமும் இறங்கி ஆணியால் அறையப்பட்டது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அது அலங்காரமில்லை. வீசும்போது தலை கழன்று பறக்காமலும், வாள்வெட்டில் காம்பு துண்டாகாமலும் காக்க வந்தது. பழைய வேலையென்றால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே காலம் படிந்திருக்கும், மரம் சுருங்கிப் பட்டை லேசாக மேலெழுந்திருக்கும், ஆணித்தலை சுற்றி மரத்தில் கறுப்புக் கறை ஊறியிருக்கும். காம்பு மாற்றியிருந்தால் இதெல்லாம் சரியாக ஒட்டி வராது. காம்பு மாற்றியது பெரிய பாவமில்லை, வேலை செய்த கோடாலிக்குக் காம்பு மாறத்தான் செய்யும், ஆனால் விலை இறங்க வேண்டும், விற்பவர் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் காம்பு பெரும்பாலும் ஆஷ் மரம். ஹிக்கரி என்றால் அமெரிக்கா, அல்லது பின்னால் கடையில் வாங்கிப் போட்டது.

அப்புறம் தலை. பழைய கோடாலியின் உடம்பு மிருதுவான இரும்பு, வெட்டுவாயில் மட்டும் எஃகு வைத்துக் கொல்லன் அடித்து ஒட்டியிருப்பான். விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே அந்த ஒட்டுக்கோடு பல நேரம் நிற வித்தியாசமாகத் தெரியும். பழைய இரும்பு துருப்பிடிக்கும்போது மரநார் மாதிரி நீளவாக்கில் அரிக்கும், இன்றைய எஃகு அப்படி அரிக்காது. தலையின் விளிம்பில் அச்சு ஒட்டிய கோடு ஓடினால் வார்ப்பு அல்லது இயந்திர அடி, புத்தகத்தை மூடிவிடலாம். முத்திரையை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இரும்பு குழி குழியாக அரித்திருக்க அம்புக்குறி மட்டும் நேற்று அடித்ததுபோல் கூர்மையாக இருந்தால், அது நேற்று அடித்ததுதான். அரிப்பு முத்திரைக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும்.

முத்திரையே இல்லாதவை என்ன செய்வது? இங்கேதான் சர்கூஃப் வருகிறார். தனியார் கொள்ளைக் கப்பல்களும் வணிகக் கப்பல்களும் சொந்தமாக ஆயுதம் வாங்கின, அவற்றில் அரசு முத்திரை இருக்காது. 1856 பாரிஸ் பிரகடனத்தில் அந்த அனுமதிச் சீட்டு முறையை நாடுகள் ஒழித்தன, ஆக அதற்கு முந்தைய கோடாலிகள் கணிசமாக முத்திரையின்றி இருந்திருக்க நியாயம் உண்டு. இந்த நியாயத்தைத்தான் விற்பவர்கள் குடையாக விரித்து, முள் வைத்த எல்லாவற்றையும் அதன் கீழே கொண்டுவந்துவிடுகிறார்கள். முத்திரையில்லாததை நான் கடற்படைப் பொருள் விலைக்கு வாங்கவே மாட்டேன்.

ஏனென்றால் தீயணைப்புக் கோடாலிகள். லண்டனில் 1833 முதல் பிரெய்ட்வுட் தலைமையிலும், 1861 முதல் மாசி ஷா தலைமையிலும் இயங்கிய தீயணைப்புப் படைகள் மாலுமிகளைத் தேடித்தேடி வேலைக்கு எடுத்தன. கயிறு ஏறத் தெரிந்தவர்கள், உயரத்துக்குப் பயப்படாதவர்கள், இரவில் எழுப்பினால் எழுகிறவர்கள். வேலையும் கிட்டத்தட்ட அதே, வெட்டு, நெம்பு, எரிவதை இழு. கருவியும் அதே உருவம். பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஊர் ஊராகத் தீயணைப்புப் படைகள் இடுப்புக் கோடாலி வைத்திருந்தன. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இருந்த ரப்பர் பிடிக் கோடாலிகளைக்கூட ‘போர்டிங்’ என்று விற்றுப் பார்த்திருக்கிறேன். இன்றைய வணிகக் கப்பல்களிலும் சர்வதேசப் பாதுகாப்பு விதிப்படி தீயணைப்பாளர் உபகரணத்தில் மின்சாரம் பாயாத காம்புள்ள கோடாலி ஒன்று இருந்தாக வேண்டும். குஜராத்தின் அலங்கில் கப்பல் உடைக்கும்போது இந்த மாதிரிச் சாமான்கள் வெளியே வரும். கப்பலிலிருந்து வந்தது என்று விற்பவர் சத்தியம் செய்வார், அது உண்மையாகவும் இருக்கும், ஆனால் கப்பல் 1990இல் ஓடியது. இது போக, மொராதாபாத், ரூர்க்கி பக்கம் செய்யப்படும் ‘பழைய’ கப்பல் சாமான்களின் நகல்கள் உலகம் முழுக்கப் போகின்றன, அவை அலங்காரத்துக்கு நல்லவை.

சேகரிக்க ஆரம்பிக்கிறவருக்கு என் யோசனை, முதலில் கை பழக வேண்டும். நம் ஊர் அருங்காட்சியகங்களில் இவை அபூர்வம், ஆனால் லண்டன் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் தன் சேகரிப்பின் படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது, அதில் நிறைய நேரம் செலவிடுங்கள். ஏலம் என்றால் ஆயுதங்களுக்கென்றே இருக்கிற ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பட்டியல்களைப் பாருங்கள், அங்கே வர்ணனை எழுதுகிறவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார். ஒரே நாட்டுப் பொருளாகத் தொடங்குவது நல்லது, முத்திரைகள் மனதில் ஏறும். வாங்கிய பிறகு கம்பிச் சக்கரம் வைத்துப் பளபளவென்று தேய்த்துவிடாதீர்கள், அந்தப் பழுப்புக் கறுப்புத் தோலோடுதான் பாதி மதிப்பு போய்விடும். சிவப்பாக உதிர்கிற துருவை மட்டும் எண்ணெய் தொட்டு மெல்ல எடுத்து, மெழுகு பூசி வைத்தால் சென்னை மாதிரி உப்புக்காற்று ஊரிலும் தாங்கும். தோல் உறைக்குள் வைக்கவே வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சட்டம் பற்றி ஒன்று. நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள பொருள் இந்தியாவுக்குள் இருந்தால் அது 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும், அப்படி வந்தால் தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்கிப் பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று வெளிநாட்டு ஏலத்தில் எடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கோடாலியானாலும் பழைய ஆயுதம் என்று எழுதி வந்தால் சுங்கத்தில் கேள்வி வரலாம், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கோடாலி. சிவப்பு வர்ணம் தானாகவே ஒன்றையும் நிரூபிக்காது, ஆனால் முத்திரை இல்லை, இரும்புப் பட்டை பற்றிப் பேச்சில்லை, காம்பு நேராக வழவழவென்று இருக்கிறது என்று நீங்களே எழுதியிருப்பதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தீயணைப்பு வாசனைதான் அடிக்கிறது. விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள். தலையை நேர் மேலிருந்து, காம்புத் துளை தெரியும்படி ஒன்று. வெட்டுவாய் விளிம்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று. முள்ளின் அடிப்பகுதி, தலையோடு சேருமிடம் ஒன்று. ஏதாவது முத்திரை இருந்தால் அளவுகோல் வைத்து ஒன்று. அவை வரும்வரை ஏலத்தில் ஒரு தீயணைப்புக் கோடாலிக்கு என்ன கொடுப்பீர்களோ அதற்கு மேல் போகாதீர்கள். படங்கள் வந்தால் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.